ஊமை டப்பா

"இந்தா, உன் டப்பாவை நீயே வச்சுக்க!"

சுந்தரலிங்கம் மேசை மேல் போட்ட போட்டில், பொன்னுராஜின் டீக்கிளாஸ் ஒரு குதி குதித்து உட்கார்ந்தது.

பொன்னுராஜுக்குச் சின்னமனூரில் கார் சாமான் கடை. சுந்தரலிங்கம் தேனியில் ஏலக்காய் வியாபாரி. தினமும் கம்பத்துக்குக் காரில் போகிறவர். போகிறவர் என்று சொல்லக்கூடாது, பறக்கிறவர்.

"என்னண்ணே குறை? ரேடார் டிடெக்டரு. போலீஸ்காரவுக ஸ்பீடு பாக்கிற மிஷினை வச்சிருந்தா, தூரத்துலயே கண்டுபிடிச்சுக் கத்தும்."

"எங்கலே கத்துது? தேனியில பேங்கு வாசல்ல கத்துது. ஜவுளிக்கடை வாசல்ல கத்துது. அது கத்தின கத்துல ரோட்டுல நின்ன மாடு மிரண்டு ஓடிருச்சு. போலீசைக் கண்டா மட்டும் வாயில கொழுக்கட்டை!"

"அங்கனயெல்லாம் கதவு தானாத் திறக்குதுல்லண்ணே. அந்தக் கதவுலயும் ரேடாரு இருக்கு. அதுக்குத்தான் கத்துது."

"அப்ப எனக்குக் கதவு கண்டுபிடிக்கிற மிஷினை வித்திருக்க!"

அவர் கோபத்துக்கும் காரணம் இருந்தது. கார் அவர் பெண்சாதி கயல் பேரில். வேகத்துக்கு அபராதம் விழுந்தால் செய்தி கயல் செல்போனுக்குத்தான் போகும். போன தடவை விழுந்தபோது அவள் சத்தம்கூடப் போடவில்லை.

"இன்னொன்னு வரட்டும். சாவி என் இடுப்புக்கு வந்துரும். நீங்க ஏலக்காய் மூட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு டவுன்பஸ்ஸுல போங்க" என்று மட்டும் சொன்னாள்.

"சரிண்ணே, போலீஸ் நின்னும் இது கத்தலன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்றான் பொன்னுராஜ்.

"சுருளியாண்டி சொல்றாரே!"

சுருளியாண்டி, சின்னமனூர் தாண்டி வாழைத்தோப்பு வளைவில் இருக்கிறவர். சொந்தத் தோப்பு, முறுக்கு மீசை. தோப்பைப் பார்க்காமல் ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற வண்டிக்கெல்லாம் எழுந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார். 'வளைவுக்கு அங்கிட்டுப் போலீஸ் நிக்குது' என்று அர்த்தம். எதிரே வருகிற லாரிக்காரர் லைட்டைப் போட்டு அணைப்பாரே, அந்த மாதிரி.

"தப்புப் பண்றவனுக்குத் துணை போற ஆளு" என்று ஊருக்குள் அவரைப் பற்றிப் பேச்சு. சுந்தரலிங்கத்துக்கோ அவர் குலசாமி. மெதுவாகக் கடக்கிற கையோடு, ஒரு ஏலக்காய்ப் பொட்டலத்தை அவர் நாற்காலியில் போடுவார். அப்புறம் அக்கம்பக்கம் திரும்பமாட்டார். ஏறிட்டுப் பார்த்தால் போலீஸ் கைகாட்டி நிறுத்திவிடும் என்று, கோயிலில் சாமி பார்க்கிற மாதிரி நேரே பார்த்துக்கொண்டு ஊர்ந்து போவார்.

"வாங்க, போய்ப் பாத்துருவம். போலீஸ் நின்னு இது கத்தலைன்னா, டப்பாவை நானே எடுத்துக்கிறேன்" என்று பொன்னுராஜ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினான்.

வளைவு வந்தது. சுருளியாண்டி எழுந்தார். சல்யூட்.

டப்பா ஊமை.

"பாத்தியா? பாத்தியாலே?" கார் கட்டைவண்டி மாதிரி ஆகிவிட்டது. பொன்னுராஜ் ஜன்னல் வழியே தலையை நீட்டித் தேடினான்.

"அண்ணே, ஒரு தொப்பியும் காணமே."

"ஒளிஞ்சு நிப்பாக."

"ஜீப்பை எங்கண்ணே ஒளிப்பாக, வாழைத்தாருக்குள்ளயா?"

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். இந்தப் பக்கத்துக்கும் அதே சல்யூட்.

"டப்பா பொய் சொல்லலண்ணே" என்றான் பொன்னுராஜ். "உங்க குலசாமிதான் சொல்லுது."

சுந்தரலிங்கம் காரை ஓரம்கட்டிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"யோவ்! போலீசு எங்கய்யா?"

"போலீசா? அவுக இங்கன வந்தே எம்புட்டோ நாளாச்சே."

"பின்ன எதுக்குய்யா சல்யூட்டு? என் ஏலக்காயைத் திங்கவா?"

சுருளியாண்டி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். அங்கன்வாடி விட்டிருந்தது. மூக்கொழுகிக்கொண்டு, ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, ரயில் மாதிரி ஒரு வரிசை டீச்சர் பின்னால் ரோட்டைக் கடந்தது. கடைசிப் பெட்டி நடுரோட்டில் நின்று பொன்னுராஜுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனது. அடுத்த வரிசை வாசலில் காத்து நின்றது.

"மொதல்ல, 'பிள்ளைக வருது, மெதுவாப் போங்க'ன்னு ரெண்டு கையையும் நீட்டித்தான் மறிச்சேன்" என்றார் சுருளியாண்டி. "அப்பவும் இதே காருல வந்தீக. ஆரனை அமுக்கி, 'ரோட்டை உனக்கு எழுதியா வச்சிருக்கு'ன்னு வஞ்சுட்டுப் பறந்தீக. மறுநாளே சல்யூட்டுக்கு மாறிட்டேன். பிள்ளைகன்னா வசவு, போலீசுன்னா ஏலக்காய். நான் என்ன செய்யட்டும்?"

சுந்தரலிங்கம் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். காரில் ஏறினார்.

கார் நடந்தது. நடந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

"இந்த வேகத்துல போனா டப்பாவும் வேணாம், சாவியும் மதினி கைக்குப் போகாதுண்ணே" என்றான் பொன்னுராஜ்.

எதிரே தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஒன்று, வளைவை நோக்கிப் பறந்து வந்தது. சுந்தரலிங்கம் சட்டென்று தலையை வெளியே நீட்டி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். ஜீப் பெட்டிப்பாம்பாக அடங்கியது.

"என்னண்ணே, போலீசுதான் இல்லையே?"

"யாருலே இல்லன்னது? அங்கன்வாடி வாசல்ல வரிசையா நிக்கிறாகல்ல!"