சந்தையில் ஒரு வரிசை

மஞ்சள் கொடி இடப்பக்கம் திரும்பியது. அவள் வலப்பக்கம் திரும்பினாள்.

கைடு தூக்கிப் பிடித்த அந்தக் கொடிக்குப் பின்னால், காரைக்குடியிலிருந்து டூர் வந்த மொத்தக் கூட்டமும் கோட்டை பார்க்கப் போயிற்று. அவள் கணவர் அருணாசலமும் குளிர்த்தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

வள்ளியம்மைக்குக் கோட்டை வேண்டாம்.

வழியெல்லாம் பச்சை மேடு, செம்மறி ஆடு, மறுபடியும் பச்சை மேடு. பஸ்ஸே எழுந்து நின்று போட்டோ எடுத்தது. அவள் மட்டும் ஊர் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

டூர்க்காரர்களை ஒவ்வொருவராக விசாரித்து, இந்த ஊரில் சனிக்கிழமை நிற்கிற பஸ்ஸாகப் பார்த்து ஏறியவள் அவள். லண்டன் பாலமும் அரண்மனையும் சும்மா ஒப்புக்கு.

சனிக்கிழமை இங்கே சந்தை. சந்தையில் தேனம்மை ரொட்டிக் கடை போடுகிறாள் என்று தங்கை மகன் சொல்லியிருந்தான்.

தேனம்மை அவள் பெற்ற பெண்.

வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டவள் இனி வாசப்படி மிதிக்கக் கூடாது என்றார் அருணாசலம். வள்ளியம்மை பக்கத்திலேயே நின்றாள். வாயைத் திறக்கவில்லை. ஒன்பது வருடமாகிறது. அந்த வாயை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு ஆத்திரம் வரும்.

சாய்ந்து நின்ற பழைய மரவீடுகளுக்கு நடுவே சந்தைத் திடல். ஆப்பிள், சீஸ், பூச்செடி. மூலையில் ரொட்டி.

மேசைக்குப் பின்னால் தேனம்மை. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். காதோரம் நரை. பாவி, அதற்குள்ளா?

வள்ளியம்மை நேரே மேசையைப் பார்த்து நடந்தாள். நம் ஊர்ச் சந்தையில் தோளைக் கொடுத்தால் வழி கிடைக்கும். இங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சிரித்த முகமாக வரிசையின் வாலைக் காட்டினார்.

அது என் மகள் என்று சொன்னால் விட்டிருப்பார். சொல்ல வேண்டிய நாளில் சொல்லாதவளுக்கு இன்றைக்கு அதைச் சொல்ல என்ன உரிமை?

வாலில் போய் நின்றாள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு அவசரமே கிடையாது. ஒரு ரொட்டி வாங்க மழை, முழங்கால், நாயின் உடம்பு எல்லாம் பேசியாக வேண்டும்.

பின்னால் யாரோ வந்து நின்றார்கள். அருணாசலத்தின் தைல வாசனை. திரும்பாமலே யாரென்று தெரிந்துவிட்டது.

இழுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார்.

"நான் வர மாட்டேன்," என்றாள், முன்னால் பார்த்தபடியே. "பஸ் போனாப் போகட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் சொன்ன முதல் மாட்டேன்.



வரிசை நகர்ந்தது. அவள் நகர்ந்தாள். பின்னால் அவருடைய ஷூவும் நகர்ந்தது.

திடலின் அந்தக் கோடியில் மஞ்சள் கொடி ஆடியது. கைடு பெயர் பெயராகக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

முன்னால் நின்ற பெண்மணி பையை வாங்கிக்கொண்டு விலகினாள்.

இப்போது நடுவில் மேசை மட்டும்.

தேனம்மை குனிந்து, சிந்திய மாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, அடுத்து யார் என்று இங்கிலீஷில் கேட்டாள்.

வள்ளியம்மையின் வாய் திறக்கவில்லை. கடல் தாண்டி வந்தும் அதே பாழும் வாய்.

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

"நாங்கதான், தேனு."