சாவு வீட்டு அடுப்பு

“உள்ள பிணம் கிடக்குது. அடுப்பு எரியுது. இவங்கல்லாம் மனுஷங்களா சார்?”

பக்கத்து வீட்டு அரிகிருஷ்ணன் போட்ட சத்தம் அனகாபுத்தூர் தெருமுனை வரை கேட்டது.

நோயாளிகள் இல்லத்தின் லைசென்ஸ் விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்திய சவுரிமுத்து. விடியற்காலையில் இறந்தவர். சமையலறையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

“என்னம்மா இது?”

இல்லத்தை நடத்தும் செல்வமேரிக்குச் சுர்ரென்று வந்தது.

“கோவளத்துல இருந்து அவர் தம்பி வரணும் சார். அதுவரைக்கும் மத்த ஆறு பேரைப் பட்டினி போடவா? புற்றுநோய் முத்தி, இனிமே எங்களால ஆகாதுன்னு ஆஸ்பத்திரி அனுப்பினவங்க. வலி மாத்திரையை வெறும் வயித்துலயா குடுப்பேன்?”

“நாங்க பட்டினி கிடக்கலாமா?” அரிகிருஷ்ணன் விடவில்லை. “தெருவுல பிணம் இருந்தா, எடுக்கிற வரைக்கும் ஒரு வூட்லயும் அடுப்பு பத்த வைக்க மாட்டோம் சார். இந்த மாசத்துல இது மூணாவது. பேஜாரா கீது!”

அதிகாரி கோப்பைப் பிரித்தார்.

“சாகப்போறவங்களை வெச்சுப் பார்க்கிற இடத்துக்குன்னு எங்ககிட்ட தனி விதி இல்லம்மா. முதியோர் இல்லத்து விதிதான். பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். போடலேன்னா, மூடச் சொல்லி எழுதிட்டுப் போகணும்.”

“எழுதுங்க. இந்த ஆறு பேரை எங்க கொண்டுபோய்ப் போடறதுன்னும் அதுலயே எழுதுங்க. தாம்பரம் பஸ் ஸ்டாண்டா, ரயில்வே பிளாட்பாரமா?”

“அது எங்க தலைவலி இல்ல. நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்” என்றார் அரிகிருஷ்ணன்.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அப்போது பின்வாசல் வழியாக, கையில் தூக்குப் பாத்திரத்தோடு அரிகிருஷ்ணனின் மனைவி சரசு பேசிக்கொண்டே உள்ளே வந்தாள்.

“செல்வமேரி அக்கா, இட்லி வெந்துடுச்சா? தெருவே பின்னாடி தூக்கோட நிக்குது. எங்க வூட்டுக்கு மொதல்ல குடுத்துடுங்க. போன சாவுல சட்னி பத்தலைன்னு எங்க வூட்டுக்காரர் ஒரே...”

வாசலில் நின்ற கணவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

அதிகாரி பேனாவை அரிகிருஷ்ணனிடம் நீட்டினார்.

“கையெழுத்துப் போட்டுட்டுச் சாப்பிடறீங்களா, சாப்பிட்டுட்டுப் போடறீங்களா?”