பதினாறு கிலோமீட்டர்

ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் மகனுக்குப் பெண் பார்க்க வந்த அறிவழகன், ஓய்வு பெற்ற எஞ்சினியர். அந்தச் சின்ன வீட்டைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். முன்னால் வைத்த பஜ்ஜியைத் தொடவே இல்லை.

"பொண்ணு இன்னா படிச்சிருக்குது?"

"பி.காம். சார்" என்றார் அன்புச்செல்வியின் அப்பா.

"பி.காம்தானா? எங்க வீட்டுக்கு மூளை இருக்கற பொண்ணுதான் சார் வேணும்."

அன்புச்செல்வியிடம் திரும்பினார்.

"சின்னப் புள்ளைங்க கணக்குதாம்மா. பங்காருபேட்டையில மூணு மணிக்கு கார்ல கிளம்பினோம். எங்கயும் நிக்கல, நேரா இங்கதான் வர்றோம். பதினாறு கிலோமீட்டர். வந்து சேர்ந்தப்போ அஞ்சு. வேகம் எவ்ளோ?"

"மணிக்கு எட்டு கிலோமீட்டர், அங்கிள்."

"பரவாயில்லியே, வகுக்கத் தெரியுது!" என்று மகனைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்த வேகத்துக்கு இன்னாத்துக்கு அங்கிள் காரு? சைக்கிளே போதுமே."

அவர் சிரிப்பு நின்றது. அன்புச்செல்வி பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டாள்.

"அடுத்த லைன்ல என் ஃப்ரெண்டு தென்றலையும் பொண்ணு பாத்துட்டு, இதே கணக்கத்தான் கேட்டீங்களாம். இப்பதான் போன் பண்ணா. மூணு மணிக்குக் கிளம்பி மூணரைக்கு வந்தோம்னு சொன்னீங்களாம். அங்க விடை முப்பத்திரெண்டு."