மறுபடியும் அதே புண்

“மூணாவது தடவை சார்! நீங்க கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூட விடாம முழுங்கியிருக்கா. மறுபடியும் அதே கிருமி, அதே புண். நீங்க படிச்சுத்தான் டாக்டர் ஆனீங்களா?”

கணவர் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மனைவி வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வயிற்று டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ரிப்போர்ட்டைப் புரட்டினார். பிறகு அவளிடம் கேட்டார். “பல் தேய்க்கும்போது ரத்தம் வருதாம்மா?”

“ரெண்டு வருஷமா வருது சார். ஈறெல்லாம் வீங்கிக் கிடக்கு.”

“பேச்சை மாத்தாதீங்க!” என்று எகிறினார் கணவர்.

“மாத்தலை சார். ஈறு கெட்டிருந்தா இந்தக் கிருமி அங்கேயும் பதுங்கியிருக்கலாம். வயித்துல அழிச்சாலும் வாயிலேர்ந்து திரும்ப இறங்கலாம். ஏம்மா, பல் டாக்டர்கிட்ட போகலையா?”

“எத்தனையோ தடவை சொன்னேன் சார். வாயைத் திறன்னுகூடச் சொல்லலை. ‘உப்புத் தண்ணியில கொப்புளி, சரியாயிடும்’னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார்.”

இப்போது டாக்டருக்கே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “வாயைப் பார்க்காம வைத்தியம் சொல்றவன் எல்லாம் ஒரு டாக்டரா? யாரும்மா அந்த ஆள்?”

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

“இவ்வளவு நேரமா உங்ககிட்ட கத்தினாரே, இவர்தான். ஊர்ல பாதிப் பேர் பல்லை இவர்தான் பார்க்கிறார். கட்டின பெண்டாட்டி வாயைப் பார்க்கத்தான் நேரமில்லை.”

கணவர் அவசரமாக எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“வேற நல்ல பல் டாக்டரா ஒருத்தரை எழுதிக் கொடுங்க சார்” என்றாள் அவள்.