பன்னிரண்டாவது ஆள்

1909இல், இங்கிலாந்தின் வடக்கே ஒரு கால்பந்து கிளப்பில் பெர்சி ஹாலமுக்குச் சம்பள உத்தியோகம். பதினோரு பேர் ஆடும் ஆட்டத்தில் அவன் பன்னிரண்டாவது ஆள். விசில் ஊதுவதற்குள் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அவன் இறங்கலாம். ஊதிய பிறகு எவன் விழுந்தாலும் மாற்று ஆள் கிடையாது என்பது அன்றைய விதி. ஆறு வருஷமாக ஒருவனுக்கும் ஜலதோஷம்கூடப் பிடிக்கவில்லை. அவ்வளவு ஆரோக்கியமான அணி. சனிக்கிழமைதோறும் ரயிலில் ஏறியதும் பெர்சி ஒவ்வொருவராக நலம் விசாரிப்பான்.

"வயிறெல்லாம் சரியா இருக்கா, ஆல்ஃபி?"

"கல்லு மாதிரி இருக்கு. நீ சர்ச்ல போய் ஏதாவது வேண்டிக்கிட்டு வைக்காதடா," என்பான் இடது பக்கம் தடுத்தாடும் ஆல்ஃபி. பெட்டியே சிரிக்கும். பெர்சியும் சேர்ந்துகொள்வான்.

ஒரு சனிக்கிழமை, விசில் ஊதிய நான்காவது நிமிஷம் ஆல்ஃபியின் கால் ஒடிந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மிச்சம் பத்துப் பேர் ஆடினார்கள். பெர்சி கேலரியில், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். மைதானத்தின் இடது பக்கம் சரியாக ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் காலியாக இருந்தது. பந்து அடிக்கடி அங்கே தனியாக உருண்டு போனது. எண்பத்தாறு நிமிஷமும் அவன் வேறெங்கும் பார்க்கவில்லை.

பக்கத்திலிருந்த பெரியவர் கடலைத் தோலை ஊதிவிட்டு, "அந்த எடத்துல சும்மா ஒரு ஆள் நின்னிருந்தாக்கூட ஜெயிச்சிருக்கலாம், தம்பி," என்றார்.

"ஆமாங்க," என்ற பெர்சி, அவர் நீட்டிய கடலையை வாங்கிக்கொண்டான்.