கதவடியில் ஒரு ஜோடி

காற்றாலையின் கதவடியில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. அதைப் பார்த்ததும் ஏசுஅடிமை அண்ணாந்து பார்த்தான்.

தலைக்கு மேலே இறக்கைகள் மூன்றும் விர்விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று, ஆளையே தள்ளியது. மெஷினை ஓட்டிவிட்டவனும் அவன்தான். கதவு மலைப் பக்கம் பார்த்து இருக்கும், பொத்தான் இருக்கும் பேனல் அறையிலிருந்து தெரியாது. அவசரத்தில் சுற்றிவந்து பார்க்காமல் ஓட்டிவிட்டான்.

மேலே ஏறுகிறவன் செருப்பைக் கதவடியில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். செருப்பு கிடந்தால் மெஷினை ஓட்டக் கூடாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அடுத்த காற்றாலையில் டிஜோ என்கிற வேலைக்காரன் மேலே இருக்கும்போதே கீழே பொத்தானை அமுக்கிவிட்டார்கள். டிஜோவைச் சாக்கில் கட்டித்தான் இறக்கினார்கள். அதற்குப் பிறகு வேலைக்காரர்களே பேசி வைத்துக்கொண்ட வழக்கம் இது.

கிடந்தது தவிட்டு நிறத் தோல் செருப்பு. பளபளவென்று இருந்தது. ஏசுஅடிமையின் செருப்பு நீல ரப்பர், வார் அறுந்து கம்பி கட்டியது. இங்கே வேலைக்கு இருப்பது இரண்டே பேர். அப்படியானால் முருகதாஸ். சவுதியிலிருந்து மகன் அனுப்புகிறதையெல்லாம் மாட்டிக்கொண்டு வருகிறவன் அவன்தான்.

"முருகதாசே... ஏ மக்கா..."

காற்று குரலைப் பிடுங்கிக்கொண்டு போனது. போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

பேனல் அறையில் அஸ்வதி மேடம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். முதலாளி அனுப்பிய இன்ஜினியர். இந்தப் பழைய மெஷினை வைத்து ஓட்டினால் கட்டுபடியாகுமா, பிரித்து இரும்புக்குப் போட்டுவிட்டுப் பெரிசு ஒன்றை நட்டால் லாபமா என்று பார்க்க வந்தவர். இன்றைய சோதனையில் ஒரு மணி நேரம் நிற்காமல் முழு மின்சாரம் தந்தால் இன்னும் ஏழு வருஷத்துக்கு மெஷினை அசைக்க மாட்டார்கள். பெரிசு வந்தால் அதைச் சென்னையிலிருந்து கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். காவலுக்குக்கூட ஆள் வேண்டாம்.

நாற்பத்தெட்டு நிமிஷம் ஓடியிருந்தது.

இந்த நாளுக்காக அவன் என்னவெல்லாம் செய்திருந்தான். பிச்சைக்காரன் மாதிரி ஆபீசர் முன்னால் நிற்கக் கூடாதென்று பெண்டாட்டி சத்தியபாய் அவனைத் தலை முதல் கால் வரை புதுசாக்கி அனுப்பியிருந்தாள். விடிந்ததும் மேலே ஏறி கிரீஸ் வைத்தான். ஜீப் ஹாரன் கேட்டதும் பதறி இறங்கி ஓடிப்போய்க் கும்பிட்டான்.

இன்னும் பன்னிரண்டு நிமிஷம் பொறுத்தால் வேலை மிஞ்சும். முருகதாஸ் மிஞ்சுவானா?

ஏசுஅடிமை ஓடினான். சரல் கல் உள்ளங்காலைச் சுட்டதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. பேனல் அறைக்குள் பாய்ந்து சிவப்புப் பொத்தானைக் கையால் அறைந்தான்.

"அண்ணாச்சி, என்ன பண்றீங்க?"

"மேல ஆளு கெடக்கு மேடம்."

திரும்ப ஓடினான். உள்ளே இருட்டு. இரும்பு ஏணியில் ஒவ்வொரு படியாகக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினான். பதில் இல்லை. பாதியில் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது, வெதுவெதுப்பாக. ஏணியோடு ஒட்டிக்கொண்டான். கர்த்தாவே, கர்த்தாவே என்று உதடு மட்டும் அசைந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் விரலால் தொட்டு மோந்து பார்த்தான்.

எண்ணெய்.

உச்சியில் யாரும் இல்லை. காலையில் அவன் வைத்துவிட்டுப் போன கிரீஸ் டப்பா மட்டும் இருந்தது.

இறங்கினான். கீழே சாயா பிளாஸ்கோடு நின்றுகொண்டிருந்தான் முருகதாஸ். காலில் சவுதி ஷூ.

"மெசின ஏம்ல நிறுத்துன? பேயக் கண்டவன் மாதிரி வாற?"

ஏசுஅடிமை அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். "எங்கல போன? போன எடுக்கதுக்கு ஒனக்கு என்ன கேடு?"

"மேடத்துக்குச் சாயா வாங்கண்டாமா? இந்தக் காத்துல போன் சத்தம் கேக்கவா செய்யும்? விடுல, சட்டையெல்லாம் எண்ணெ."

உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அதற்குள் அஸ்வதி மேடம் வந்துவிட்டார்.

"மேல யாரு அண்ணாச்சி?"

"யாரும் இல்ல மேடம். ஆனா செருப்பு கெடக்கே. எவனோ வந்திருக்கான்."

"வெளியாள் வந்திருந்தா சரி. ஆபத்துக்கு நிறுத்தினதுன்னு எழுதிட்டு முதல்ல இருந்து ஓட்டிரலாம், காத்து இருக்கு. யாருமே வரலன்னா நான் எப்படி எழுத? கோளாறை மறைக்க நீங்களே நிறுத்தினீங்கன்னுதான் முதலாளி நினைப்பாரு. மெஷினைப் பிரிச்சிருவாங்க."

"வந்திருக்கான் மேடம். ஆடு மேய்க்கவன் எவனாவது உள்ள நொழஞ்சு எறங்கி ஓடியிருப்பான். இதப் பாருங்க."

ஏசுஅடிமை அந்தச் செருப்பைக் குனிந்து எடுத்து, சாட்சி சொல்லுகிறவன் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினான். "புத்தம் புதுசு. எங்க ரெண்டு பேருக்க செருப்பும் இல்ல."

முருகதாஸ் செருப்பைப் பார்த்தான். பிறகு ஏசுஅடிமையின் வெறுங்காலைப் பார்த்தான். பிளாஸ்கை மெல்லக் கீழே வைத்தான்.

"மக்கா, இது காலைல சத்தியபாய் ஒனக்கு வாங்கித் தந்ததுல்லா."