மூன்று கை பட்ட படம்

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

பல்கலைக்கழக ஓவியத் துறையில் இறுதியாண்டுத் தேர்வு. இந்த முறையும் தேறாவிட்டால் அப்பாவின் டயர் கடைக் கல்லாவில்தான் உட்கார வேண்டும் என்ற நிலையில் ஒரு மாணவி தன் கேன்வாஸை ஸ்டாண்டில் நிறுத்தினாள். முதலில் கோட்டோவிய வாத்தியார் வந்தார்.

"சார், நான் இன்னும்..."

"பேசாம நில்லும்மா. ஏன் இப்படி வெறிச்சுன்னு இருக்கு?" என்று பிரஷைப் பிடுங்கி ஒரு படகை வரைந்தார். "இப்பதான் உயிர் வந்திருக்கு!"

அடுத்து வண்ண வகுப்பு மேடம்.

"மேடம், அந்தப் படகு சாரோட..."

"சாக்குச் சொல்லாதடி. படகுக்குத் தண்ணி வேணாமா?" நீலத்தை அள்ளி அப்பினார்.

துறைத்தலைவருக்கு நீலம் என்றாலே ஆகாது. வந்ததும் தண்ணீரையெல்லாம் சிவப்பாக்கிவிட்டு, தம் மீசையையே வைத்து ஒரு படகோட்டியையும் உட்கார்த்தினார். அவள் வாயைத் திறந்து திறந்து பார்த்தாள். யார் விட்டார்கள்?

மாலையில் அந்த மூவருமே மார்க் போட உட்கார்ந்தார்கள்.

"படகு அப்படியே சாரோட பாணி," என்றார் மேடம்.

"கலர் முழுக்கத் தலைவரோட சாயல்," என்றார் வாத்தியார்.

"இதுல உன் கை எங்கம்மா?" என்று கேட்டுத் துறைத்தலைவர் ஃபெயில் போட்டார்.

வகுப்பே கொதித்தது. "ராப்பகலா முழிச்சு வரைஞ்ச படத்தை இப்படிக் கெடுத்துட்டாங்களே, பாவிங்க!" என்று தோழிகள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளும் அழுதாள்.

காலையில் அவள் ஸ்டாண்டில் நிறுத்தியது, முந்தின நாள் கடையில் வாங்கிய வெறும் கேன்வாஸ்.